எட்டாம் பொருள்

குற்றச்சாட்டுக் கடிதம் மூன்று பக்கங்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவே இருந்த ஒரு வரியை ஸ்டெஃபி வாசிக்கத் தேவையிருக்கவில்லை. அதை எழுதியவளே அவள்தான். காற்புள்ளிகூட இடம் மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

'கார்டை அட்ஜஸ்ட் பண்ணிரு, லோடு வண்டி வெளிய நிக்கி.'

அந்த வரிக்குக் கீழே ஆலை நிர்வாகத்தின் ஆங்கிலம் தொடர்ந்தது. மேற்கண்ட உத்தரவை ஃபிட்டர் தனசிங் தமது குரலிலேயே பதிவு செய்து பொதுவெளியில் வெளியிட்டிருக்கிறார். பிப்ரவரி பதினொன்றாம் தேதி பிரஸ் மிஷினில் யாதம்மா என்ற ஒப்பந்தத் தொழிலாளியின் வலக்கை விரல்கள் நான்கு துண்டாவதற்குக் காரணமான பாதுகாப்பு மீறல், இவருடைய நெடுநாள் வழக்கம் என்பது இதனால் தெரியவருகிறது. பத்து நாட்களுக்குள் உள்விசாரணைக்கு வர வேண்டும்.

தனசிங் ஸ்டெஃபியின் தாய்மாமன். ஹைதராபாத்தின் மல்லாபூரில் மின்விசிறி உறைகள் அடிக்கும் ஆலையொன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறவர். மௌலா அலி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தம் வீட்டின் முன்னறையில், கடிதத்தைத் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டு, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிறு ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"படிச்சியா?" என்றார்.

"படிச்சேன் மாமா."

"நம்ம சத்தந்தானே அது?"

அவள் தலையசைத்தாள். சமையலறை வாசலில் நின்றிருந்த ஜெயசுந்தரி அத்தை, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எனக்கு இங்கிலீசு நல்லாவே புரியுது ஏட்டி. இதுல உன் வேலை எங்க முடியுது, இவரு வேலை எங்க ஆரம்பிக்குதுன்னுதான் புரியல."

ஸ்டெஃபியிடம் அதற்கு ஒரு விடை இருந்தது. சொல்லத் துணிவில்லாமல் தேநீரைக் குடித்தாள்.

பல்கலைக்கழகத்தில் அவள் ஆய்வு மாணவி. ஹைதராபாத் மனிதர்கள் வாயில் வழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. தமிழ் பேசும் குடும்பங்களிடமிருந்து சொற்களைத் திரட்டும் பொறுப்பு அவளுடையது. அவள் முதலில் எடுத்துக்கொண்ட சொல் 'அட்ஜஸ்ட்'. அச்சில் வந்த அகராதிகள் அதற்கு இரண்டு பொருள்களைத் தந்து நிறுத்திக்கொண்டன: சிறிது மாற்றிச் சீராக்குதல், புதிய நிலைமைக்குப் பழகிக்கொள்ளுதல். உப்பலுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் மூவர் இருக்கும் இருக்கையில் நான்காமவரை ஏற்றும்போது ஓட்டுநர் சொல்லும் 'அட்ஜஸ்ட்' அந்த இரண்டிலும் அடங்கவில்லை. தண்ணீர் வராத வாடகை வீட்டைக் காட்டும் உரிமையாளர் சொன்னது வேறு. மகளை மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் தாய் சொன்னது வேறு. வேலை கேட்டு வந்த பெண்ணிடம் கதவைச் சாத்திவிட்டு ஒரு மேலாளர் சொன்னது முற்றிலும் வேறு. அதைச் சொன்ன பெண் பெயர் சொல்லவில்லை, ஸ்டெஃபியும் கேட்கவில்லை. இப்படி ஏழு பொருள்கள் சேர்ந்தன. ஏழிலும் ஓர் ஒற்றுமையை அவள் கண்டாள். இந்தச் சொல்லைச் சொல்கிறவர் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. அதைக் காதில் வாங்குகிறவர்தான் ஏதோ ஒன்றை இழக்கிறார். இதை அவள் ஒரு கருத்தரங்கில் வாசித்து, கைதட்டலும் வாங்கியிருந்தாள்.

எட்டாவது பொருளைத் தந்தவர் தனசிங்.

சென்ற ஆகஸ்டில், இதே முன்னறையில், கறிக்குழம்பு உண்ட அயர்வோடு அவர் பேசினார். பிரஸ் மிஷினுக்கு முன்னால் ஒரு காப்புக் கதவு உண்டு. ஆலையில் அதைக் கார்டு என்பார்கள். அது மூடியிருந்தால்தான் மிஷின் இறங்கும், திறந்தால் நின்றுவிடும். தகட்டை வைக்க, மூட, திறக்க, எடுக்க என்று ஒவ்வொரு அடிக்கும் நேரம் போகும். அவசரச் சரக்கு என்றால், கதவின் ஸ்விட்சைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். கதவு திறந்திருக்கும், மூடியிருப்பதாக மிஷின் எண்ணிக்கொள்ளும். அடி இரண்டு மடங்கு விழும்.

"அதுக்குப் பேரு என்ன மாமா?" என்று கேட்டாள் அப்போது.

"அட்ஜஸ்ட்தான். வேற என்ன? ஷிஃப்ட் இன்சார்ஜ் வருவாரு, ஜகதீசன், நம்ம கோயம்புத்தூர்க்காரரு. மத்தவன்கிட்ட தெலுங்குல கத்துவாரு. எங்கிட்ட மட்டும் தமிழ்ல மெதுவா வந்து, 'கார்டை அட்ஜஸ்ட் பண்ணிருங்க தனசிங், லோடு வண்டி வெளிய நிக்குதுங்க'ம்பாரு. ரொம்ப மரியாதைக்காரரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அந்த நொடியில் ஸ்டெஃபிக்கு உண்டான மகிழ்ச்சியை ஆய்வு செய்கிறவர்களே அறிவார்கள். எந்த அகராதியிலும் இல்லாத ஒரு பொருள், சூழலோடும் குரலோடும் கையில் விழுந்திருந்தது. ஆனால் தளத்தில் ஏற்றும் ஒலித்துண்டு ஐந்து நொடிக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் ஆள்பெயர் வரக் கூடாது. திட்டத்தின் நெறிமுறை அது.

"மாமா, இன்னொரு தடவ சொல்லுங்க. 'ம்பாரு' வேண்டாம், பேரு வேண்டாம். வாக்கியம் மட்டும்."

"வாக்கியம் மட்டுமா? ஹவ், சரி, சொல்லிட்டாப் போச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொன்னார். இன்சார்ஜின் தமிழ் அவர் வாயில் நிற்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து அவர் தாத்தா கொண்டுவந்த தமிழே வந்தது. 'கார்டை அட்ஜஸ்ட் பண்ணிரு, லோடு வண்டி வெளிய நிக்கி.' ஸ்டெஃபிக்கு அது இன்னும் பிடித்திருந்தது. படிவத்தில் வட்டார வழக்கு என்ற இடத்தில் திருநெல்வேலி என்று நிரப்பினாள். பேசியவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடமிருந்தது.

"எம் பேரைப் போடு. என்ன பயம்?" என்றார் தனசிங்.

ஜனவரியில் பக்கம் வெளியானது. அவர் அதைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெரிய அகராதியில் நம் சபையாரின் குரல் என்று போதகரே வாழ்த்தினார். அடுத்த நாள் ஆலைக் குழுவிலும் போட்டார். விபத்து நடந்த மறுவாரம் நிர்வாகம் அதைத் தேடி எடுத்தது.

"முழுப் பதிவு உங்கிட்ட இருக்கும்லா? அதுல நான் அவரு பேரைச் சொல்லியிருக்கேன்," என்றார் தனசிங் இப்போது, சன்னலிலிருந்து திரும்பாமல்.

ஸ்டெஃபி கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் சொல்ல அஞ்சியது இதைத்தான். துண்டை வெட்டி எடுத்ததும் முழுப் பதிவையும் அழித்துவிட வேண்டும். பேசியவரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக நெறிமுறைக் குழு வைத்த விதி. அவள் விதிகளைத் தவறாதவள்.

"அழிச்சிட்டேன் மாமா."

"கைக்கு?" என்று ஹைதராபாத் உருதுவில் காரணம் கேட்டார் அவர்.

"உங்க பாதுகாப்புக்காக."

அத்தை உள்ளே போனாள். பாத்திரங்களை அவள் அடுக்கும் ஓசை கேட்டது; ஒவ்வொன்றையும் மிக மெதுவாக வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஸ்டெஃபி அகராதித் திட்டத்தின் பதிப்பாசிரியரைப் பார்த்தாள். பேராசிரியர் கிருஷ்ணமூர்த்தி இரக்கமில்லாதவர் அல்லர். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த வரி மேற்பார்வையாளரோட பேச்சு, இவர் எடுத்துச் சொன்னதுதான்னு ஒரு குறிப்பு சேர்க்கலாம். இன்னைக்கே சேர்க்கலாம். ஆனா ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல தேதி விழும். அதை மறைக்க முடியாது."

"விபத்துக்கு அப்புறம் திருத்தினதா தெரியும்."

"தெரியும். திருத்தினவங்க பேரும் தெரியும். இவருக்கு நீ மருமகள்ங்கறதும் தெரிய வரும்."

"அந்தப் படிவத்துல, யார் சொன்னாங்க, யார் கிட்ட கேட்டதுன்னு ரெண்டு கட்டம் இருந்திருக்கணும் சார்."

"அகராதிக்கு ஒண்ணு போதும்மா. ஒரு சொல் புழங்குதுன்னு காட்டணும், அவ்வளவுதான். யாரைத் தண்டிக்கறதுன்னு நாம யோசிக்கல." கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "நீயும் யோசிக்கல," என்றார். குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. அதுவே அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

எஞ்சியிருந்தது ஒரே வழி. பதினொன்றாம் தேதி ஜகதீசன் வந்து சொன்னபோது பக்கத்தில் இருந்தவள் யாதம்மா. அவள் கேட்டிருப்பாள். அவள் சொன்னால் போதும்.

மல்லாபூரில் ஆலைகளின் பின்சுவர்களுக்கு நடுவே போகும் சந்தொன்றில் யாதம்மா குடியிருந்தாள். தகரக் கதவு; உள்ளே ஒரே அறை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். வலக்கை, முழங்கை வரைக்கும் கட்டோடு, மடியில் வைத்த தலையணைமேல் கிடந்தது. ஸ்டெஃபி தன்னை யாரென்று சொல்லிக்கொண்டபோது அவள் முகம் மாறவில்லை. ஸ்டெஃபிக்குத் தெலுங்கு நன்றாக வரும். இருவரும் தெலுங்கிலேயே பேசினார்கள்.

"அன்னைக்கு இன்சார்ஜ் வந்தாரா அக்கா?"

"வந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"எனக்கென்ன தெரியும்? உங்க மாமாகிட்ட அவரு அரவத்துல, அதான் உங்க தமிழ்லதான் பேசுவாரு. தமிழ் எனக்குத் தெரியாதே. நடுவுல அட்ஜஸ்ட்டுன்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு. அது எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை."

ஸ்டெஃபி சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அதைச் சொன்னது இன்சார்ஜ்தானே?"

"ரெண்டு பேரும் சொன்னாங்க. அவரு ஒரு தடவை சொன்னாரு. இவரு தலையாட்டிக்கிட்டு ஒரு தடவை சொன்னாரு. சிரிச்சாங்க. அப்புறம் உங்க மாமா கம்பியும் குறடும் எடுத்துக்கிட்டு வந்து கட்டினாரு. நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். வேணாம்னு நானும் சொல்லல. எண்ணிக்கை முடிச்சா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்."

"இன்சார்ஜ் சொல்லாம மாமா கட்டமாட்டாரு அக்கா. அதை நீங்க விசாரணையில..."

"யாரு சொன்னாங்கன்னு நீ கேட்கிற," என்றாள் யாதம்மா. "வந்தவங்க எல்லாரும் அதையேதான் கேட்கிறாங்க. கம்பெனிக்காரங்களும் கேட்டாங்க. கட்டினது யாருன்னு கேட்டா நான் சொல்லுவேன். என் கண்ணு முன்னால கட்டின மனுஷன். தினமும் என் டிபன் டப்பாவுல இருந்து ஊறுகாய் எடுத்துத் தின்னுற மனுஷன்."

அவள் கட்டுப்போட்ட கையைச் சற்று உயர்த்தி, வலித்ததால் மறுபடி வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நான் பார்க்கமாட்டேன்னு சொல்லிட்டேன். இங்க வந்தா கதவைச் சாத்திருவேன்னு சொல்லு."

சந்தைவிட்டு வெளியே வந்தபோது, ஸ்டெஃபிக்கு ஒன்று உறைத்தது. ஒரு வாரமாக அவள் யாதம்மாவைப் பற்றி நினைத்ததெல்லாம் சாட்சி என்ற அளவில்தான். மாமாவின் கை அந்தக் கம்பியை முறுக்கியதை அவள் அறிந்தே இருந்தாள், ஆகஸ்டிலேயே அறிந்திருந்தாள். அப்போதும் கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் பற்றி அவள் கேட்கவில்லை. எட்டாம் பொருள் என்று எண்ணிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

விசாரணை ஆலையின் பயிற்சி அறையில் நடந்தது. விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டிருந்த வழக்கறிஞர் ராஜகோபால் நடுவில். பக்கத்தில் தட்டச்சு செய்பவர். இடப்புறம் நிர்வாகத்தின் ஆள். அவருக்கு அடுத்து ஜகதீசன், மடித்த கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. எதிரே தனசிங் அதே வெள்ளைச் சட்டையில். தம் சார்பில் அவர் அழைத்த ஒரே சாட்சி ஸ்டெஃபி.

அவள் தயாரித்து வந்ததை முழுவதும் சொன்னாள். வாக்கியத்தைச் சுருக்கச் சொன்னது தான் என்பதையும், பெயரை நீக்கச் சொன்னது தான் என்பதையும், படிவத்தின் குறையையும் சொன்னாள். பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. தட்டச்சு செய்பவரின் விரல்கள் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அசையவில்லை.

"நன்றி," என்றார் ராஜகோபால் ஆங்கிலத்தில். "இப்போது கேள்விகள். இந்தக் குரல் இவருடையதா?"

"ஆமாம். ஆனால்..."

"ஆமாம்." தட்டச்சு ஓடியது. "ஜகதீசன் இவரிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னதை நீங்கள் நேரில் கேட்டீர்களா?"

"இல்லை."

"நீங்கள் சொல்லும் முழுப் பதிவு இன்று இருக்கிறதா?"

"இல்லை."

ஜகதீசன் இருமிவிட்டு, அதிகாரியின் அனுமதியோடு தமிழில் அவளைப் பார்த்துப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் கோயம்புத்தூருங்க. 'நிக்கி'ன்னு எங்க பக்கம் யாரும் பேசறதில்லீங்க. உங்க அகராதிப் பக்கத்துலயே திருநெல்வேலின்னு போட்டிருக்கீங்க."

அதையே ஜகதீசன் ஆங்கிலத்திலும் சொன்னதும், "இது சரியா?" என்றார் ராஜகோபால்.

அவள் கற்றதெல்லாம் அவளுக்கு எதிராக எழுந்து நின்றது. பேச்சுவழக்கைப் பொறுத்தவரை ஜகதீசன் சொன்னதில் பிழையில்லை.

"வழக்கு திருநெல்வேலிதான். இவர் தம் வழக்கில் மாற்றிச் சொன்னார்."

"வழக்கு திருநெல்வேலி," என்று தட்டச்சு செய்பவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார். அடுத்த பாதியை அடிக்கவில்லை.

ராஜகோபால் தனசிங்கை நோக்கினார். சாட்சியிடம் அவர் ஏதேனும் கேட்க விரும்பினால் கேட்கலாம்; அது அவருடைய உரிமை. ஸ்டெஃபி மாமாவைப் பார்த்தாள். கேட்க வேண்டிய கேள்விகளை நேற்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். தாள் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நின்றது. அவர் அதைத் தொடவில்லை.

"யாதம்மாவ பாத்தியே, கை எப்படி இருக்கு?" என்றார் தமிழில்.

"மாமா, அதில்ல. அந்தத் தாள்ல இருக்கிறத கேளுங்க."

"கை எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"கட்டு பிரிக்கல. வலி இருக்கு. பெருவிரல் மட்டும்தான் மிச்சம்."

என்ன பேசினார்கள் என்று ராஜகோபால் கேட்க, ஜகதீசன் மொழிபெயர்த்துச் சொன்னார். சம்பந்தமில்லாதது, எழுத வேண்டாம் என்றார் அதிகாரி.

அப்போது தனசிங் நாற்காலியைவிட்டு எழுந்து, அறையில் எல்லோருக்கும் புரியும்படி தெலுங்கில் சொன்னார். "கட்டினது நான்தான். குறடு என்னுது. அதை எழுதிக்கோங்க."

"சொன்னது யாருன்னும் சொல்லுங்க மாமா," என்றாள் ஸ்டெஃபி.

"சொல்லியாச்சுளா. எழுதிக் கொடுத்த பதில்ல ஒண்ணு, முந்தாநாள் விசாரிச்சப்ப ஒண்ணு, இன்னைக்குக் காலைல ஒண்ணு. மூணு தடவ. அது அவங்க காதுல ஏறல. இருவத்தாறு வருசமா ஸ்விட்சு வேலை பாக்கேன். கட்டுனா என்ன ஆவும்னு அவரு சொல்லித்தானா எனக்குத் தெரியணும்?"

ஜகதீசன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை அவர் கையில் அப்படியே நின்றிருந்தது.

ஒப்புதல் பதிவாகிவிட்டதால் இனிக் கேட்க ஏதுமில்லை என்றார் ராஜகோபால். வேலை போய்விடும் என்பதும், போலீஸ் வழக்கில் முதல் பெயராகத் தனசிங் வருவார் என்பதும், அதற்குக் கீழே இரண்டாவது பெயர் வராது என்பதும் அறையிலிருந்த எல்லோருக்கும் விளங்கியிருந்தன. அச்சான தாள்களை ஸ்டெஃபியிடம் நீட்டினார்கள். அவளுடைய வாக்குமூலம் ஆறு வரிகள். அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். மறுக்கத்தக்க ஒரு சொல்லைத் தேடினாள். ஆறு வரியும் உண்மை. கீழே கையெழுத்திட்டாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. வாயிற்காவலர் தனசிங்கின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். தெருவுக்கு வந்ததும் அவர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அந்தப் பிள்ள வீடு எந்தச் சந்து?"

"நக்கோ மாமா, போகவேண்டாம். நீங்க வந்தா கதவைச் சாத்திருவேன்னாங்க."

"சாத்தட்டும். சாத்துறதுக்கு வாசல்ல ஒரு ஆளு வந்து நிக்க வேண்டாமா?"

அவள் வழியைச் சொன்னாள். கூட வரவேண்டாம் என்று கையால் சைகை காட்டிவிட்டு அவர் நடந்தார். அவள் சந்தின் முனையில் நின்றுகொண்டாள். ஆலைச் சுவர்களுக்கு நடுவே அந்த வெள்ளைச் சட்டை போவதும், தகரக் கதவின் முன் நிற்பதும் தெரிந்தன. அவர் கூப்பிட்டது கேட்கவில்லை. கதவு திறந்தது, ஒரு சாண் அளவுக்குத் திறந்து, மூடிக்கொண்டது.

அவர் அங்கேயே நின்றார். உள்ளே தாழ்ப்பாள் உரசும் ஓசை தெருமுனை வரைக்கும் வந்தது. பொருந்தாமல் நழுவி, மறுபடி உரசி, மீண்டும் நழுவியது. இடக்கையால் போடுகிறாள். தாழ் விழுந்து முடிய நெடுநேரமாயிற்று. அதுவரைக்கும் தனசிங் தலையைக் குனிந்தபடி நின்றிருந்தார்.